கயாக்கின் எடையை எங்கே நிறுப்பது?

1956 அக்டோபரில் ஹான்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மானிய மருத்துவர், கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறையிலிருந்து ஒரு மடக்குக் கயாக்கில் மேற்கே கிளம்பினார். மரச்சட்டங்களைப் பூட்டி அதன்மேல் ரப்பர் பூசிய துணியை மாட்டினால் படகு, கழற்றிச் சுருட்டினால் மூட்டை. நீளம் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 72 நாள் கழித்து அட்லாண்டிக்கின் மறுகரையில், கரீபியக் கடலின் செயின்ட் மார்ட்டின் தீவில் இறங்கினார். நடுவில் ஒருமுறை புயலில் கவிழ்ந்து, தலைகீழாகக் கிடந்த படகின் முதுகைப் பற்றிக்கொண்டு ஓர் இரவைக் கழித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டும் அதே மனிதர் அதே கடலைக் கடக்கக் கிளம்பியிருந்தார். அப்போது அவர் ஏறியது லைபீரியாவில் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணி. அந்தப் பயணம் 65 நாள்.

குடைந்த மரமும் கரை சேர்ந்தது, துணியும் கரை சேர்ந்தது. இந்த இரண்டு பயணங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு இன்று ஒரு கயாக் கடைக்குள் நுழைந்தால், அங்கே நடக்கும் பேச்சு ரொம்பக் குறுகலாகத் தெரியும். வாங்க வந்தவர் முதலில் கேட்பது, “எத்தனை கிலோ?” கிலோ குறையக் குறைய விலை ஏறுகிறது. அடுத்துக் கேட்பது, “அடிபட்டால் உடையுமா?” பேரம் பெரும்பாலும் இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. உடைந்தால் அதை எந்தக் கரையில், யார், எதைக்கொண்டு சரிசெய்வது? கடல் கயாக்கைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

முதலில் கிலோ கணக்கைப் பார்த்துவிடலாம். ஐந்தேகால் மீட்டர் நீளத்தில் ஓர் ஆள் உட்காரும் கடல் கயாக்கைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தால் சுமார் 27 முதல் 32 கிலோ நிற்கும். கண்ணாடியிழையில், நம் மீனவர் வாயில் வழங்கும் பெயரில் சொன்னால் ஃபைபரில், 23 முதல் 27 கிலோ. கெவ்லாரில் 20ஐ ஒட்டி வரும். கார்பன் இழையைச் சேர்த்தால் அதற்கும் கீழே இறங்கும், விலை மட்டும் மேலே ஏறும். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்துகிற மிகப் பழைய முறையில் இன்றும் 15 கிலோ அளவில் ஒரு படகை முடித்துவிடுகிறார்கள். ஆக, இந்த வரிசையில் மிக இலேசான படகு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல.

பிளாஸ்டிக் படகு ஏன் இவ்வளவு கனக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஒரு துண்டை வெட்டிப் போட்டால் மிதக்கும். ஃபைபர் தகட்டில் அதே அளவு துண்டை வெட்டிப் போட்டால் மூழ்கிவிடும், அதன் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் பாலிஎத்திலீனுக்கு விறைப்பு இல்லை. ஒரே தடிமனுள்ள இரண்டு தகடுகளை வளைத்துப் பார்த்தால், ஃபைபரின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கிடைக்காது. அந்தக் குறையைத் தடிமனால்தான் ஈடுகட்ட வேண்டும். ஃபைபரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும் என்ற இடத்தில் பிளாஸ்டிக்குக்கு ஐந்து, ஆறு தேவைப்படுகிறது. எடை அங்கேதான் ஏறுகிறது.

நம் மொட்டைமாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இந்தக் கயாக்குக்கும் பொருளும் ஒன்று, செய்முறையும் ஒன்று. உலோக அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைக் கொட்டி மூடி, அடுப்புக்குள் எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். தூள் உருகி உட்சுவர் முழுக்கப் படியும். ஆறிய பின் அச்சைத் திறந்தால் ஒட்டே இல்லாத ஒரே துண்டாக வெளியே வரும். தொட்டி கீழே விழுந்தால் எப்படி நசுங்கி மறுபடி எழுகிறதோ, அப்படியேதான் இந்தப் படகும் பாறையில் மோதி எழுகிறது.

சரி, ஐந்து கிலோ குறைந்தால் கடலில் என்ன லாபம்? துடுப்பு போடுகிறவர் 70 கிலோ, தண்ணீர், கூடாரம், சாப்பாடு என்று சாமான் 30 கிலோ, படகு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 125. படகு 20 கிலோ என்றால் மொத்தம் 120. வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் என்று நிதானமாகப் போகும் கயாக்கைத் தடுப்பது பெரும்பாலும் தண்ணீர் அதன் தோலில் உரசும் உரசல்தான். எடை நான்கு சதவீதம் குறைந்தால் நனையும் பரப்பு அதைவிடக் குறைவாகத்தான் சுருங்கும். பந்தயக்காரருக்கு அந்தத் துளியும் பொன். பத்து நாள் பயணம் போகிறவருக்கு எதிர்க்காற்று ஒரு மணி நேரம் வீசினால் அந்த லாபம் கரைந்துவிடும்.

ஆஸ்திரேலியாவை முழுக்கச் சுற்றிய பயணங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. நியூசிலாந்துக்காரர் பால் கேஃபின் 1982 முடிவில், நோர்ட்காப் என்ற ஃபைபர் கயாக்கில் அந்தக் கண்டத்தை முதன்முதலாகச் சுற்றி முடித்தார். 360 நாள் ஆயிற்று. 27 ஆண்டு கழித்து, 2009ல் ஜெர்மனியின் ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர் 332 நாளில் முடித்தார். 28 நாள் குறைந்தது பெரிய காரியம். வடக்கே கார்பெண்டேரியா வளைகுடாவின் கரையைக் கேஃபின் ஒட்டிச் சுற்றிப் போனார். ஹாஃப்மைஸ்டரோ அதைக் குறுக்கே வெட்டி, 575 கிலோமீட்டர் அளவு திறந்த கடலை எட்டு நாளில், படகிலேயே தூங்கித் தூங்கிக் கடந்தார். நாள்களை மிச்சம் பிடித்ததில் இந்தத் துணிச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்தப் பட்டியலிலும் இதற்குக் கிலோ கணக்கு கிடையாது.

இதனால் எடை முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. அது உறைப்பது கரையில். காரின் கூரைமேல் ஏற்றும்போது, தண்ணீர் வற்றிய நேரத்தில் நூறு மீட்டர் சேற்றில் தூக்கி நடக்கும்போது, அலை வந்து அடிப்பதற்குள் மேட்டுக்கு இழுக்கும்போது முப்பது கிலோவுக்கும் இருபது கிலோவுக்கும் உள்ள தூரம் தெரியும். முதுகுவலிக்காரர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய பெண் ஒருவர், யார் கையையும் எதிர்பார்க்காமல் தனியாகக் கடலுக்குப் போக முடிவதும் முடியாததும் அந்தப் பத்து கிலோவில் இருக்கிறது. அவர்கள் கார்பன் படகுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அது வீண் செலவே இல்லை. தூக்க முடியாத படகு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கொட்டகையிலேயே கிடக்கும்.

இனி அடிபடும் நேரத்துக்கு வருவோம்.

அலை ஒரு கயாக்கைத் தூக்கிப் பாறை விளிம்பில் வைக்கிறது. பாலிஎத்திலீன் வழுக்கிக்கொண்டு இறங்கும். அடியில் பிளாஸ்டிக் சுருள் சுருளாகச் சீவப்பட்டிருக்கும், ஓட்டை இருக்காது. ஃபைபர் என்றால் மேல்பூச்சில் சிலந்திவலை போல வெடிப்பு ஓடும். அடி பலமாக இருந்தால் உள்ளே இழையும் கிழியும். கார்பன் நன்றாக விறைப்பாக நிற்கும், ஆனால் தாங்கும் எல்லையைத் தாண்டியதும் முன்னறிவிப்பின்றி முறியும். எடையை இன்னும் குறைக்க இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே நுரை வைத்த படகில் கூர்மையான கல் வெளித்தோலைக் குத்திவிட்டால், நுரைக்குள் தண்ணீர் இறங்கி, இலேசான படகு பயணத்தின் நடுவிலேயே கனக்கத் தொடங்கும். கெவ்லார் வேறு சாதி. 1965ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டறிந்த இழை அது, குண்டு துளைக்காத உடைக்குள் இருப்பதும் அதுதான். விரிசல் விட்டாலும் இழைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும், படகு இரண்டாகப் பிளக்காது.

மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. கெவ்லாரைச் சரிசெய்யத் தேய்த்தால் இழை அறுபடாமல் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும், அதன்மேல் ஒட்டுப்போடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பாலிஎத்திலீன் எளிதில் கிழியாது, ஆனால் கிழிந்துவிட்டால் எந்தப் பசையும் அதில் சரியாக ஒட்டாது. அதே பிளாஸ்டிக்கை உருக்கி வைத்துச் சூட்டால்தான் இணைக்க வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு தெருத்தெருவாக வந்து பிளாஸ்டிக் குடத்தின் விரிசலை அடைத்துக் கொடுத்தவர்களின் கைவேலை அது. கார்பனைச் சரிசெய்யலாம், அதற்கான துணியும் எப்பாக்சியும் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஃபைபருக்கோ மேட் என்னும் இழைப்பாய், ரெசின், ஹார்டனர், ஒரு தூரிகை, உப்புத்தாள், காய்ந்த மதியம் ஒன்று போதும். 1970களில் செய்த நோர்ட்காப் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. அவை உடையாமல் இருந்ததால் ஓடவில்லை, ஒவ்வொரு முறை உடைந்தபோதும் ஒட்டப்பட்டதால் ஓடுகின்றன.

ஆஸ்கர் ஸ்பெக்கின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஹாம்பர்க்கில் மின்பணி ஒப்பந்தம் எடுத்துப் பிழைத்தவர், பொருளாதார மந்தத்தில் தொழிலை இழந்தவர். 1932 மே மாதம் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் தன் மடக்குக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸ் சுரங்கங்களில் வேலை தேடுவது திட்டம். அந்தப் பயணம் ஏழாண்டு நீண்டது, ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் ஓடியது. இந்தியக் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பர்மா, மலாயா, ஜாவா என்று போய், 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் சைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் போர் தொடங்கிவிட்டதால் எதிரிநாட்டவர் என்று பிடித்து, போர் முடியும் வரை முகாமில் அடைத்தார்கள். இவ்வளவு தூரமும் அவர் ஒரே படகில் வரவில்லை. ரப்பர்த் துணிக்கு வெயிலும் உப்பும் மணலும் எமன். ஒன்று தேய்ந்ததும் அடுத்தது ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது. இலேசான படகு அவரை அழைத்துப் போனது, பின்னால் ஒரு தொழிற்சாலை இருந்ததால்.

கயாக்கைப் படைத்தவர்களுக்கு அப்படி ஒரு தொழிற்சாலை கிடையாது. கிரீன்லாந்தில் காடு இல்லை. சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளி, நீரோட்டம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய மரம்தான் சட்டத்துக்கு. மூட்டுகளைத் தோல் வாரால் கட்டினார்கள், அதனால் அலையில் சட்டம் நெளிந்து கொடுத்தது. மேலே சீல் தோல். அதைத் தைத்தவர்கள் பெண்கள். ஊசி மறுபக்கம் வராமல் தோலின் பாதி ஆழத்தோடு திரும்பும்படி தைப்பார்கள், தண்ணீர் நுழைய ஓட்டையே இராது. நாள் முழுக்க நனைந்தால் தோல் ஊறித் தளரும் என்பதால், கரைக்கு வந்ததும் உயரமான பரண்மேல் ஏற்றிக் காயவைத்தார்கள். நாய்கள் எட்டிக் கடித்துத் தின்றுவிடக் கூடாது என்பதும் அந்த உயரத்துக்குக் காரணம். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தோலை உரித்துப் புதிதாகப் போர்த்தினார்கள். அந்தப் படகு நீடித்து உழைக்கும் பொருளால் ஆனதே அல்ல. அதைப் பழுதுபார்க்கத் தேவையான எல்லாமே, ஊசி முதல் விரல்கள் வரை, அதே ஊரில் இருந்தன. 1959ல் ஸ்காட்லாந்தின் கென் டெய்லர் என்ற மாணவர் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் ஊரில் தனக்காகச் செய்வித்துக் கொண்டுவந்த ஒரு தோல் கயாக்கின் அளவுகள்தான், பிற்பாடு பிரிட்டனின் ஃபைபர் கடல் கயாக்குகளுக்கு மூல வடிவம் தந்தன. வடிவம் கடல் கடந்து வந்தது, தையல்காரிகள் வரவில்லை.

தமிழ்க் கரைக்கு இந்தக் கதை புதிதல்ல. கட்டுமரத்திலும் ஆணி இல்லை, கயிற்றுக்கட்டுதான். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டதும் ஊறிய மரம் கனக்கும் என்பதால்தான். துறைமுகம் கட்டப்படாத காலத்து மதராஸில், தொலைவில் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைதாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மணலில் வந்து மோதும்போது உடம்பு முழுக்க வளைந்து கொடுக்கும். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் நொறுங்கின. உறுதி என்பதற்கு விறைப்பு என்று மட்டும் பொருள் கொள்பவர்கள் இந்த மெரினா அலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிற்காலத்திலும் இந்தத் தேடல் நிற்கவில்லை. 1980களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் திறந்த மணற்கரையில் இறங்கக்கூடிய படகுகளைக் கிழக்குக் கரையில் செய்து பார்த்தது. எந்த வடிவத்தை எடுத்தாலும் எஞ்சினோடு அதை இழுத்து ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. அதே காலத்தில் குமரி மாவட்டத்தின் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின்மேல் ஃபைபர் பட்டையும் ரெசினும் இட்டுப் படகு கட்டும் முறையை உள்ளூர்க் கைகளில் பழக்கினார். உலகெங்கும் வீட்டுக் கொட்டகையில் மரக் கயாக் செய்கிறவர்கள் இன்று பின்பற்றுவதும் இதே தையல்-பசை முறைதான். பிறகு ஃபைபர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் அவசரத்தில் செய்த தரம் குறைந்தவையும் கலந்திருந்தன. கரையோர ஊர்கள் அவற்றை ஒட்டி ஒட்டித்தான் ஓட்டின. அந்த ஒட்டுவேலையில் தேறிய கைகள் காசிமேட்டிலிருந்து குளச்சல் வரை இன்று இருக்கின்றன.

தமிழகக் கரையில் கடல் கயாக் இப்போதுதான் வேர்விடுகிறது. ராமேசுவரம் பக்கம் பயிற்சியும் பயணமும் நடக்கின்றன. இனி கயாக் வாங்கப்போகும் மன்றங்களும் பள்ளிகளும் அரசுத் துறைகளும் வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து இலேசானதே உயர்ந்தது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. புதிதாகக் கற்கிறவர்கள் கல்லில் இழுப்பார்கள், ஒருவர் படகின்மேல் இன்னொருவர் மோதுவார்கள். அவர்களுக்குப் பாலிஎத்திலீனே சரி, தூக்க இரண்டு பேர் சேரட்டும். ஆனால் அதை வெயிலில் காயும் மணல்மேல் போட்டுவைத்தால் சூட்டில் அடிப்பகுதி குழிந்துபோகும், ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்தால் வெளுத்து நொறுங்கவும் தொடங்கும். படகுக்கு முன் ஓலைக் கொட்டகை ஒன்று போட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் செத்த பவளப்பாறைகளுக்கு நடுவே நாள்கணக்கில் போகிறவர்களுக்கு ஃபைபர் ஏற்றது. அதிலும் எடையைக் குறைக்க கார்பன்தான் வழி என்பதில்லை. வெட்டிய இழைப்பாயில் கையால் ரெசின் தடவிச் செய்த தகட்டில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ரெசின்தான். நெய்த இழைத்துணியை அடுக்கி, உறையிட்டு, காற்றை உறிஞ்சி ரெசினை உள்ளே இழுத்தால் அந்தக் கணக்கு அநேகமாகத் தலைகீழாகும். படகு இலேசாகும், வலுவும் கூடும். கூடவே, அடிபடும் இடங்கள் எவை என்று தெரிந்த ஒருவர் முன்மூக்கிலும் அடியின் நடுக்கோட்டிலும் உட்காருமிடத்துக்குக் கீழும் மட்டும் இரண்டு அடுக்கு கூட்டிப்போட்டால், கூடும் எடை ஒன்றிரண்டு கிலோ. அந்த ஒன்றிரண்டு கிலோவைப் பட்டியலில் குறைத்துக் காட்டுவதற்காக விட்டுவிடும் தயாரிப்பாளரிடம் படகு வாங்கக் கூடாது.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி எழுதும்போது சேர்க்க வேண்டியவை சில. எடை என்பது மூடிகளும் இருக்கையும் பொருத்திய பின் தராசில் நிறுத்த எடையாக இருக்க வேண்டும். எந்த இழை, எந்த ரெசின், எங்கெங்கே எத்தனை அடுக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படகோடும் பழுதுபார்க்கும் பொருள்கள் வர வேண்டும். பக்கத்து மீன்பிடித் துறையில் ஃபைபர் வேலை செய்யும் இரண்டு பேருக்காவது கயாக்கின் மெல்லிய தகட்டை ஒட்டும் பயிற்சியும் அதற்கான கூலியும் செலவுக் கணக்கில் இடம்பெற வேண்டும். வள்ளத்தின் தடித்த பக்கத்தை ஒட்டிப் பழகிய கைக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு வேறு வேலை, ஆனால் ஒரு வாரத்தில் பிடிபடும் வேலை. அவர்கள் இன்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஃபைபர் தூளுக்கும் ரெசின் நெடிக்கும் நடுவே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே நல்ல முகக்கவசங்களுக்கும், காற்று ஓடும் ஒரு கொட்டகைக்கும் தொகை ஒதுக்கியாக வேண்டும்.